மலைக்கு அப்பால் ஒரு திராட்சைத் தோட்டம்

வைன் செய்யும் ஒருவரைப் பற்றி இவ்விதழில் எழுதத்தான் வேண்டுமா என்று சிலர் கேட்கக்கூடும். கசிப்பும் சாராயமும் எத்தனை குடும்பங்களின் அடுப்பை அணைத்தன என்பதை முகாம்களில் வாழ்ந்த எமது வாசகர்களுக்கு நாம் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. எவரையும் குடிக்கத் தூண்டுவது எமது நோக்கமன்று. தோட்டம் மலைக்கு அப்பாலும் தொட்டி மலைக்கு இப்பாலுமாக இருக்க, நடுவே பதினைந்து ஆண்டுகள் யுத்தம் நடந்தபோதும் பழத்தைக் கைவிடாத ஒரு மனிதரைப் பற்றியே நாம் எழுதுகிறோம். அவர் பெயர் செர்ஜ் ஹோஷார். அவரது நாடு லெபனான்.

திராட்சை இரசம் எமக்கு அந்நியமான பொருளுமன்று. பூசைக்கு எடுக்கும் இரசம் திராட்சைப் பழத்திலிருந்து இயற்கையாக வந்ததாகவும் பழுதுபடாததாகவும் இருக்கவேண்டும் என்பது திருச்சபையின் சட்டம். 1928 இல் தோமஸ் அடிகளார் தோலகட்டியில் தொடக்கிவைத்த செபமாலைத் தாசர் ஆச்சிரமத்தின் திராட்சை இரசத்தை வலிகாமத்தில் அறியாதவர் குறைவு. உரும்பிராய், நீர்வேலிப் பக்கங்களில் கிணற்று நீர் பாய்ச்சிப் பந்தலில் படரவிட்ட கொடிகளைக் கத்தரித்து வளர்த்தவர்கள் எமது வாசகர்களிலும் இருப்பார்கள். 1990 இல் வலிகாமம் வடக்கு மக்கள் ஊரைவிட்டு வெளியேறியபோது கைவிட்டு வந்தவற்றில் அந்தப் பந்தல்களும் அடங்கும். ஆகவே கொடியைப் பற்றிய கதை இது என்றால் அவர்கள் கேட்பார்கள் என்று நம்புகிறோம்.

இரண்டு மலைகளும் ஒரு சமவெளியும்

லெபனான் சின்னஞ்சிறிய நாடு. இலங்கையின் பரப்பில் ஆறிலொரு பங்கும் வராது. மத்தியதரைக் கடலோரமாக ஒரு மலைத்தொடர், கிழக்கே சிரியாவின் எல்லையோரமாக இன்னொரு மலைத்தொடர். இரண்டுக்கும் இடையே கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,000 மீற்றர் உயரத்தில் பெக்கா எனும் நீண்ட சமவெளி கிடக்கிறது. குளிர்காலத்தில் அங்கே மழையும் பனியும். கோடையில் மாதக்கணக்கில் ஒரு துளி மழையும் இல்லை. பகலில் சுட்டெரிக்கும் வெயில், இரவில் குளிர். திராட்சைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? பகல் வெயில் பழத்தில் சீனியை ஏற்றுகிறது. இரவுக் குளிர் புளிப்பைக் காப்பாற்றித் தருகிறது. எமது கொடிகளைப் போல் அவை தண்ணீருக்கு மனிதனை எதிர்பார்த்து நிற்பதில்லை. கல்லும் சுண்ணாம்பும் கலந்த மண்ணுக்குள் வேரை ஆழமாக இறக்கி, பனி உருகிய நீரைத் தாமே தேடிக் குடிக்கின்றன. காய்ப்புக் குறைவு, பழம் சிறியது, சாறு தடிப்பு.

உரோமர் காலத்திலேயே இங்கு வைனுக்குப் பெயரிருந்தது. சமவெளியின் வடபாகத்திலுள்ள பால்பெக் நகரில் வைன் தெய்வத்துக்கு அவர்கள் எழுப்பிய பெருங்கோயில் இன்றும் நிற்கிறது. அண்மைக் காலத்து வைன் தொழிலைத் தொடக்கியவர்களோ துறவிகள். 1857 இல் இயேசு சபையினர் சஹ்லே நகருக்கு அருகே க்சாரா என்னுமிடத்தில் திராட்சைத் தோட்டம் வைத்தனர். அல்ஜீரியாவிலிருந்து கொடிகளைத் தருவித்து, உரோமர் விட்டுச்சென்ற நிலக்கீழ்க் குகைகளிலே வைனை வைத்துப் பாதுகாத்தனர். 1973 இல் அத்தோட்டத்தை அவர்கள் விற்றுவிட்டார்கள். அதற்கு முன்பே அந்தச் சமவெளியிலிருந்த கமக்காரர் பலர் அவர்களைப் பார்த்துக் கொடி வைக்கப் பழகியிருந்தனர்.

செர்ஜின் தந்தை கஸ்தோன் ஹோஷார் 1930 இல் இத்தொழிலில் இறங்கினார். அப்போது நாடு பிரெஞ்சு ஆட்சியின் கீழ் இருந்தது. வைன் வாங்கப் பிரெஞ்சுப் படையினர் இருந்தனர். கொடிகளைப் பெக்காவில் வைத்த கஸ்தோன், வைன் செய்யும் இடத்தை மட்டும் மலைக்கு இப்பால், பெய்ரூட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 25 கிலோமீற்றர் தூரத்திலுள்ள கசீர் என்ற கடலோர மலைக்கிராமத்தில் ஒரு பழைய கோட்டை வீட்டில் அமைத்தார். நாட்டின் எல்லைகள் எங்கே போய் நிற்கும் என்பது அக்காலத்தில் நிச்சயமில்லாதிருந்ததால் தொட்டிகளைத் தம் ஊர்ப்பக்கத்தில் வைத்துக்கொண்டார் என்று சொல்லப்படுகிறது. ஷாட்டோ மூசார் என்ற பெயர் அந்தப் பழைய வீட்டிலிருந்து வந்தது. தோட்டத்துக்கும் தொட்டிக்கும் இடையே ஒரு மலை. அமைதிக் காலத்தில் அது சில மணித்தியால லொறிப் பயணம் மட்டுமே.

தந்தையிடம் வைத்த மூன்று நிபந்தனைகள்

செர்ஜ் 1939 இல் பிறந்தவர். முதலில் படித்தது கட்டட எந்திரவியல். பின்பு 1959 இல், இருபது வயதில், தந்தையின் தொட்டிகளுக்குப் பொறுப்பாளரானார். அத்தோடு நில்லாமல் பிரான்சின் போர்தோ பல்கலைக்கழகத்துக்குச் சென்று வைன் சாத்திரத்தை முறையாகக் கற்றார். ழான் ரிபேரோ கேயோன், எமில் பேய்னோ ஆகிய இருவரும் அங்கே அவருடைய ஆசிரியர்கள். வைன் செய்தலைக் கைப்பழக்கம் என்ற நிலையிலிருந்து அறிவியல் என்ற நிலைக்குக் கொண்டுவந்தவர்களில் இவ்விருவரும் முதன்மையானவர்கள். பழம் சுத்தமாக இருக்கவேண்டும், நன்கு பழுத்திருக்கவேண்டும், தொட்டியின் வெப்பம் கையை மீறக்கூடாது, நுண்ணுயிர்களில் எது வேலை செய்கிறது என்று தெரிந்திருக்கவேண்டும் என்பவையெல்லாம் அவர்களுடைய பாடங்கள்.

திரும்பிவந்த மகன் தந்தையிடம் மூன்று விடயங்களைக் கேட்டதாக அந்தக் குடும்பத்தில் சொல்வார்கள். வைனைத் தம் விருப்பப்படியே செய்யவேண்டும், அது உலகம் முழுவதும் அறியப்படவேண்டும், தந்தை ஒதுங்கிக்கொள்ளவேண்டும். எங்கள் ஊரில் இப்படிக் கேட்கும் மகனுக்கு என்ன கிடைக்கும் என்பதை வாசகர்கள் அறிவார்கள். கஸ்தோன் விட்டுக்கொடுத்தார். தோட்டத்தை மகன் கையில் கொடுத்துவிட்டு வரம்பில் நின்று அதட்டிக்கொண்டேயிருக்கும் தகப்பன்மாரையே அதிகம் கண்ட எமக்கு, இந்தக் கதையில் மகனைவிடத் தந்தைதான் பெரியவராகத் தெரிகிறார்.

1962 இல் தம்பி றொனால்டும் சேர்ந்துகொண்டார். கணக்கு, விற்பனை, பணம் யாவும் தம்பி பொறுப்பு; பழம், தொட்டி, பீப்பா யாவும் தமையன் பொறுப்பு. இந்தப் பிரிவினை கடைசிவரை குலையவில்லை. குடும்பத் தொழில்கள் எங்கே உடைகின்றன என்று தெரிந்தவர்களுக்கு இதுவும் சிறிய செய்தியன்று.

தாம் எண்ணிய சிவப்பு வைனுக்குரிய முறையைக் கண்டுகொள்ள அவருக்குப் பதினெட்டு ஆண்டுகள் சென்றன. 1959 இல் தொடங்கியவர் 1977 இல்தான் அந்த முறையில் நிலைகொண்டார். அந்தப் பதினெட்டில் கடைசி இரண்டு ஆண்டுகளும் யுத்த ஆண்டுகள்.

சிவப்பு வைன் எவ்வாறு உண்டாகிறது

கறுத்தத் திராட்சையை நசுக்கினால் வரும் சாறு பெரும்பாலும் நிறமற்றது என்பது பலருக்கு வியப்பாயிருக்கும். நிறம் தோலில் இருக்கிறது. வாயைப் பிடிக்கும் துவர்ப்பும் தோலிலும் விதையிலும் இருக்கிறது. ஆகவே வெள்ளை வைனுக்குச் சாற்றை முதலிலேயே பிழிந்து பிரித்துவிடுகிறார்கள். சிவப்பு வைனுக்கோ சாற்றைத் தோலோடும் விதையோடும் சேர்த்தே தொட்டியில் நொதிக்க விடுகிறார்கள். பழத்திலும் தோட்டத்திலும் தொட்டி நிற்கும் வீட்டிலும் ஏற்கெனவே வாழும் நொதிகள் சீனியைத் தின்று மதுசாரமாகவும் காபனீரொட்சைட்டு வாயுவாகவும் மாற்றுகின்றன. தொட்டி கொதிப்பதுபோல் நுரைத்துச் சூடேறும். சூடு மிஞ்சினால் நொதிகள் செத்துவிடும்; வேலை பாதியில் நின்றுவிடும். காற்று மிஞ்சினால் வேறொரு கிருமி வந்து அதை வினாகிரியாக்கிவிடும். தென்னங்கள்ளை நேரத்துக்கு இறக்காவிட்டால் என்ன ஆகும் என்று தெரிந்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை.

இன்று பெரிய ஆலைகள் பல, கடையில் வாங்கிய நொதியைப் போடுகின்றன. புளிப்புக் குறைந்தால் புளிப்பைச் சேர்க்கின்றன. தெளிவதற்கு மருந்து போட்டு, நுண்ணிய வடியால் வடித்துக் கண்ணாடிபோலாக்குகின்றன. ஒவ்வோராண்டும் ஒரே சுவை வரவேண்டும் என்பது அவர்களின் கணக்கு. ஹோஷார் இவற்றில் பெரும்பாலானவற்றைத் தள்ளிவைத்தார். நொதி சேர்ப்பதில்லை, பழத்தோடு வந்தது போதும். தெளிய வைக்க மருந்தில்லை, வடிப்பதில்லை. வைன் கெடாமலிருக்க எல்லோரும் இடும் கந்தகத்தையும் மிகக் குறைவாகவே இட்டார். போத்தலின் அடியில் மண்டி படிந்திருந்தால் அது குற்றமன்று என்பது அவர் எண்ணம்.

அவருடைய சிவப்பு வைன் மூன்று இனப் பழங்களால் ஆனது. கபெர்னே சோவினியோன் உடலும் துவர்ப்பும் தருவது. சென்சோ வாசமும் மென்மையும் தருவது. கரிஞான் நிறமும் உரமும் தருவது. மூன்றையும் தனித்தனியே சீமெந்துத் தொட்டிகளில் நொதிக்க வைத்துப் பல மாதங்கள் அங்கேயே கிடக்க விடுவார். பின்பு பிரான்சின் நெவேர் பகுதிக் காட்டு ஓக் மரத்தாலான பீப்பாக்களில் ஏறக்குறைய ஓராண்டு. அதன் பிறகே மூன்றையும் கலப்பார். கலக்கும் விகிதம் வருடத்துக்கு வருடம் மாறும். எழுதிவைத்த அளவு கிடையாது. மூன்றாம் ஆண்டின் முடிவில் போத்தலில் அடைத்து, நிலவறையில் மேலும் நான்கு ஆண்டுகள் கிடத்துவார். பறித்த நாளிலிருந்து ஏழாம் ஆண்டிலேதான் அது கடைக்குப் போகும்.

ஏன் இத்தனை காலம்? இளஞ்சிவப்பு வைனில் துவர்ப்பு நாக்கைப் பிறாண்டும். காலம் செல்லச் செல்ல அந்தத் துவர்ப்புப் பொருட்கள் ஒன்றோடொன்று பிணைந்து கனத்து, சில அடியில் படிந்துவிடுகின்றன; சுவை மிருதுவாகிறது, நிறம் செங்கல் நிறத்துக்குத் திரும்புகிறது. இதை மருந்தால் விரைவுபடுத்த ஹோஷார் விரும்பவில்லை. வைன் உயிருள்ளது, அது பிறந்த ஆண்டின் மழையையும் வெயிலையும் இடைஞ்சலையும் அது தன் சுவையில் சொல்லவேண்டும், ஒரு வருடத்து வைன் மறுவருடத்து வைனைப் போலிருக்கத் தேவையில்லை என்பதே அவரது கொள்கை. இப்படிச் சொல்வதைச் சோம்பலென்று எண்ணவேண்டாம். ஒன்றும் தெரியாதவர் தொட்டியைச் சும்மா விட்டால் மிஞ்சுவது வினாகிரிதான். எதைத் தொட்டால் என்ன ஆகும் என்று போர்தோவில் கற்றுத் தெளிந்தவராதலால்தான் தொடாதிருக்கும் துணிவு அவருக்கு வந்தது.

குறை சொல்பவர்களும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். மூசாரில் வினாகிரியின் சாயல் சற்றுத் தூக்கலாயிருக்கிறது, ஒரு போத்தல் போல் மற்றப் போத்தல் இருப்பதில்லை, ஒழுங்கான பரிசோதனைச்சாலையில் இது தேறாது என்பார்கள். அவர்கள் சொல்வதிலும் உண்மையுண்டு. வீட்டுக்கு வந்தவர்களுக்குச் சிவப்பை முதலில் ஊற்றி வெள்ளையைக் கடைசியில் ஊற்றும் பழக்கமும் அவருக்கிருந்தது. உலகம் முழுவதும் இதை மறுதலையாகவே செய்கிறது. ஒபைதே, மெர்வா என்ற லெபனானின் சொந்த இனப் பழங்களில் செய்த அந்த வெள்ளை வைனே தம் வேலைகளில் ஆழமானது என்று அவர் பிடிவாதமாக நம்பினார்.

பழம் காத்திராது

1975 ஏப்ரல் 13 இல் லெபனானில் உள்நாட்டு யுத்தம் மூண்டது. 1990 வரை நீடித்த அந்த யுத்தத்தில் ஏறத்தாழ 150,000 பேர் மாண்டனர் என்று கணக்கிடுகிறார்கள். பலர் ஊரைவிட்டு ஓடினர். கிராமம் கிராமமாக மக்கள் இடம் மாறினர். பெக்கா சமவெளிக்குள் 1976 இல் சிரியப் படை வந்து அமர்ந்தது. கசீர் இருந்த கடலோரம் கிறிஸ்தவ ஆயுதக் குழுக்களின் பிடியில். இரண்டுக்கும் இடையிலான மலைகளில் வேறு குழுக்கள். தந்தை 1930 இல் ஒரு மலைதானே என்று எண்ணி அமைத்த தூரம், இப்போது பல சோதனைச் சாவடிகளாகவும் பல கொடிகளாகவும் நீண்டுவிட்டது.

கொடிக்கு ஒரு நல்ல குணமுண்டு. நெல்லும் மிளகாயும் வெங்காயமும் ஒரு போகம் பார்க்காவிட்டால் அழிந்துபோகும். ஆழ வேரோடிய பழைய திராட்சைக் கொடியோ சில கிழமைகள் எவரும் எட்டிப் பாராவிட்டாலும் உயிரோடிருக்கும். ஆனால் பழம் அப்படியன்று. பழுத்து நிற்கும் நாட்கள் சில. முந்திப் பறித்தால் புளிப்பு. பிந்தினால் சுருங்கி, புளிப்பு விழுந்து, குளவியும் பறவையும் தின்றுவிடும். பறித்த பின்போ நேரம் மணிக்கணக்கில் ஓடத் தொடங்கிவிடும். லொறியின் அடியிலுள்ள கூடைகள் மேலுள்ள பாரத்தால் நசுங்கும், சாறு கசியும், கசிந்த சாறு வெயிலில் அங்கேயே நொதிக்கும். தக்காளியும் வாழைக்குலையும் ஏற்றிய லொறியோடு சோதனைச் சாவடியில் நாள் முழுவதும் காத்து நின்றவர்களுக்கு இந்த வாசனை தெரிந்திருக்கும்.

1976 இல் ஒன்றும் முடியவில்லை. பாதையுமில்லை, மின்சாரமுமில்லை. அந்த ஆண்டுக்கு மூசார் வைனே கிடையாது. அதற்குப் பின் ஒவ்வோராண்டும் ஒரு புதுத் தடை. 1982 யூனில் இஸ்ரேல் படையெடுத்தபோது பெக்காவின் தென்பாகத்தில் இஸ்ரேலியரும் சிரியரும் எதிரெதிரே நின்றனர். கெப்ராயா, ஆனா முதலிய திராட்சைக் கிராமங்கள் அப்பக்கத்திலேயே உள்ளன. 1983 செப்டெம்பரில், சரியாக அறுவடைக் காலத்தில், சூப் மலைகளில் கடும் சண்டை வெடித்துப் பெய்ரூட்டிலிருந்து கிழக்கே செல்லும் பெருந்தெரு மூடப்பட்டது. இருந்தும் 1982 க்கும் வைன் உண்டு, 1983 க்கும் உண்டு. நேர்ப்பாதை இல்லாதபோது சுற்றுப்பாதை, அதுவும் இல்லாதபோது சற்று ஓயும்வரை கொடியிலேயே பழத்தை விட்டுவைத்தல், ஒவ்வொரு சாவடியிலும் பேசிப் பேசி வழி எடுத்தல். பழத்தை மட்டும் ஏற்றிவரும் லொறி எந்தப் பக்கத்துக்கும் எதிரியன்று என்று எல்லாப் பக்கத்தையும் நம்பவைப்பதும் ஒரு தொழிலறிவுதான். அதைப் போர்தோவில் எவரும் கற்பிக்கவில்லை.

1984 இல் அதுவும் கைகொடுக்கவில்லை. லொறிகள் சுற்றுப்பாதைகளில் நாட்கணக்கில் அலைந்தன. கசீர் வந்து சேர்ந்தபோது பழம் லொறியிலேயே நொதிக்கத் தொடங்கியிருந்தது. எவரும் கொட்டிவிடுவார்கள். ஹோஷார் கொட்டவில்லை. வந்ததைத் தொட்டியில் இட்டு, ஒதுக்கி வைத்திருந்தார். வழமையான மூசாராக அது விற்பனைக்கு வரவில்லை. ஆக, பதினைந்து யுத்த ஆண்டுகளில் இழந்தவை 1976, 1984 என்ற இரண்டு அறுவடைகளே.

செல் வீச்சு நடந்த நாட்களில் கசீரின் நிலவறைகள் அயலவர்க்குப் பதுங்குமிடமாயின. வைன் போத்தல்கள் முதிர்வதற்கென்று தோண்டிய குளிர்ந்த இருட்டறைகளிலே பிள்ளைகளோடு மக்கள் இருந்தனர். ஹோஷாரைப் பற்றிய இன்னொரு கதை அடிக்கடி சொல்லப்படுகிறது. பெய்ரூட்டில் செல் மழை பொழிந்த ஓர் இரவில், பதுங்குமிடத்துக்குப் போக மறுத்து, தமது 1972 ஆம் ஆண்டு வைன் ஒரு போத்தலை முழுவதுமாகப் பெரிய கிண்ணமொன்றில் ஊற்றி வைத்துக்கொண்டு, பன்னிரண்டு மணித்தியாலமாகச் சிறிது சிறிதாகச் சுவைத்து, காற்றுப் பட்ட வைன் எவ்வாறு மாறுகிறது என்று கவனித்திருந்தாராம். அவரே பின்னாளில் பத்திரிகையாளரிடம் சொன்னது இது. வெளிநாட்டுப் பத்திரிகைகள் இதை வீரமாக எழுதின. பங்கருக்குள் இரவுகளைக் கழித்த எமது வாசகர்கள் இதை வேறு விதமாகப் பார்ப்பார்கள் என்றே எண்ணுகிறோம். பிள்ளைகளை இழுத்துக்கொண்டு இறங்கவேண்டிய தாய்க்கு இந்தச் சுதந்திரம் இருந்ததில்லை.

விற்கவும் வேண்டுமே

யுத்தத்துக்கு முன் மூசார் பெரும்பாலும் லெபனானுக்குள்ளேயே விற்கப்பட்டது. யுத்தம் வந்ததும் வாங்குவோர் சிதறினர், உல்லாசப் பயணிகள் நின்றனர். பொருள் இருக்கிறது, சந்தையில்லை. செர்ஜ் போத்தல்களோடு பிரித்தானியாவுக்குப் போனார். 1979 இல் பிரிஸ்டல் நகரில் நடந்த வைன் சந்தையில் அவருடைய 1967 ஆம் ஆண்டு வைனைச் சுவைத்தவர்களில் மைக்கல் புரோட்பென்ட் ஒருவர். கிறிஸ்டீஸ் ஏல நிறுவனத்தின் வைன் பிரிவுத் தலைவரான அவர் சொல்லுக்கு அக்காலத்தில் மதிப்பிருந்தது. அந்தச் சந்தையின் கண்டுபிடிப்பு என்று அவர் மூசாரைப் போற்றியபின் கதவு திறந்தது. 1984 இல் டிகான்டர் என்ற ஆங்கில வைன் சஞ்சிகை அவ்வாண்டின் சிறந்த மனிதராக ஹோஷாரைத் தெரிவுசெய்தது. அந்தப் பட்டத்தைப் பெற்ற முதலாமவர் அவரே. வீட்டில் அறுவடை லொறியிலேயே பழுதாகிய அதே ஆண்டு அது.

இங்கே நாம் ஒன்றைச் சேர்த்துச் சொல்லவேண்டும். ஏழு ஆண்டுகள் காத்திருக்க முதல் வேண்டும். நிலவறையில் பழைய போத்தல்கள் நிறைந்திருந்ததால்தான் இழந்த ஆண்டையும் அவரால் தாங்க முடிந்தது: இவ்வாண்டு அறுவடை இல்லையென்றாலும் ஏழாண்டுக்கு முந்திய வைன் விற்பனைக்கு இருந்தது. வட்டிக்கு வாங்கிப் பசளை போடுபவர் ஏழு கிழமைகூடக் காத்திருக்க முடியாது. சேமித்து வைக்கக்கூடிய பொருளைச் செய்பவருக்கும், அன்றன்றே விற்றாகவேண்டிய பொருளைச் செய்பவருக்கும் யுத்தம் ஒரே மாதிரி வருவதில்லை. ஒடியல், புழுக்கொடியல், கருவாடு, பனங்கட்டி என்று காயவைத்தும் காய்ச்சியும் வைத்துக்கொண்ட எம் முன்னோருக்கு இது தெரிந்திருந்தது.

வேறொன்றும் மனதை உறுத்துகிறது. பட்டம் ஹோஷாருக்குக் கிடைத்தது. பெக்காவில் குனிந்து குலை குலையாக வெட்டியவர்கள் பெதுயின் குடும்பங்கள். பருவத்துக்கு வந்து கூடாரத்தில் தங்கி வேலை செய்பவர்கள், ஆண்களும் பெண்களும். மரோனைட் கிறிஸ்தவரின் தொட்டிக்கு முஸ்லிம்கள் பறித்த பழம் யுத்தம் முழுவதும் வந்துகொண்டிருந்தது என்பது சிறிய விடயமல்ல. சாவடிகளுக்கூடாக லொறி ஓட்டியவர்களின் உயிரும் ஒவ்வொரு பயணத்திலும் பணயத்திலிருந்தது. ஆயினும் வைன் சஞ்சிகைகளில் அவர்களுடைய பெயர்களை நாம் காணவில்லை. அவர்களும் சேர்ந்து செய்த வைன் அது.

யுத்தத்துக்குப் பின்

1990 இல் துப்பாக்கிகள் ஓய்ந்தபோது லெபனானில் வைன் செய்யும் இடங்கள் கைவிரலில் எண்ணத்தக்கவையாகவே இருந்தன. பின்பு பெக்காவில் புதிய தோட்டங்கள் பல எழுந்தன. 1991 இல் தாரெக் சக்ர் என்ற இளைஞர் மூசாரில் வைன் வேலைக்குச் சேர்ந்தார். செர்ஜ் அவருக்கும் அவசரப்படாதிருக்கவே கற்பித்தார். 2006 இல் மூசாரின் தோட்டங்களுக்கு, இரசாயன உரமும் மருந்துமின்றிச் செய்யப்படுபவை என்ற சான்றிதழ் கிடைத்தது. லெபனானில் அதைப் பெற்ற முதல் திராட்சைத் தோட்டம் இதுவே. அந்த ஆண்டு கோடையிலும் 34 நாட்கள் யுத்தம். 2024 செப்டெம்பரிலும் பெக்காவில் குண்டுகள் வீழ்ந்தன. அதுவும் அறுவடைப் பருவம்.

செர்ஜ் ஹோஷார் 2014 டிசெம்பர் 31 இல் மெக்சிக்கோவில் விடுமுறைக்குச் சென்றிருந்தபோது கடலில் நீந்துகையில் இறந்தார். அவருக்கு வயது 75. மகனுக்கும் பாட்டனின் பெயரே: கஸ்தோன். தோட்டப் பொறுப்பு அவர் கைக்கும் குடும்பத்தாரின் கைக்கும் வந்தது. தொட்டிகளைத் தாரெக் சக்ர் பார்த்துக்கொண்டார். செர்ஜ் கடைசியாகக் கண்ட 2014 அறுவடையின் சிவப்பு வைன் வழமைப்படி சீமெந்துத் தொட்டியில் கிடந்து, பீப்பாவில் கிடந்து, போத்தலில் கிடந்து, ஏழாம் ஆண்டான 2021 இல் கசீரிலிருந்து வெளியே போயிற்று.